இந்தத் தாளில் எத்தனை கதவுகள்?

தில்லி சராய் காலே கானில் நமோ பாரத் ரயில்களுக்காகக் கட்டிய நிலையம் 215 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் கொண்டது. கட்டட வரைபடங்களுக்கு வழக்கமான 1:100 அளவில் அதன் ஒரு தளத்தை வரைந்தால் காகிதத்தில் 2 மீட்டர் 15 சென்டிமீட்டர் வரும். சைட்டில் கைமாறும் ஏ1 தாளின் நீளமோ 84.1 சென்டிமீட்டர்தான். அதிலும் நான்கு ஓரங்கள், வலப்பக்கத்துப் பெயர்க்கட்டம், குறிப்புகள் எல்லாம் போக வரைவதற்கு மிஞ்சுவது ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். ஆகவே ஒரு தளத்துக்கே நான்கு தாள் வேண்டும். தரை, பயணச்சீட்டுக் கூடம், பிளாட்பாரம் என்று மூன்று தளங்களுக்கும் சேர்த்தால் பிளான் மட்டுமே 12 தாள்.

கதவு பொருத்த வரும் மிஸ்திரி 12 தாளையும் சுமந்து போவதில்லை. தன் பகுதிக்குரிய தாள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போகிறார். அதில் ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் ஒரு சிறு வட்டம் இருக்கும். வட்டத்துக்குள் டி-1, டி-2 என்று குறி. தாளின் ஓரத்தில் ஒரு கட்டம்: டி-1 எத்தனை அகலம், எத்தனை உயரம், மரமா இரும்பா, தீ தாங்கும் கதவா, மொத்தம் எத்தனை. கட்டுமானத் துறையில் இந்தக் கட்டத்துக்கு ஷெட்யூல் என்று பெயர். நாம் அட்டவணை என்போம்.

மிஸ்திரிக்கு வேண்டியது எளிய ஒன்று. கையில் இருக்கும் தாளில் வரைந்த கதவுகள் எல்லாம் அட்டவணையில் இருக்க வேண்டும். வரையாத கதவு ஒன்றுகூட அதில் இருக்கக்கூடாது. நிலையம் முழுவதற்குமான அட்டவணையை 12 தாளிலும் அச்சடித்துக் கொடுத்தால் தன் பகுதிக்கு எத்தனை நிலைச்சட்டம் இறக்க வேண்டும் என்று அவர் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். இந்தச் சிறிய தேவையை நிறைவேற்ற வடிவியலும், தரவுத்தள அறிவியலும், கணக் கோட்பாடும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. அந்தக் கதைதான் இந்த அத்தியாயம்.

பென்சிலால் எண்ணிய காலம்

தில்லியின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தை ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தார். 1921 பிப்ரவரியில் அடிக்கல், 1927 ஜனவரியில் திறப்பு. அதன் வெளிச்சுற்றில் 144 தூண்கள் நிற்கின்றன. எல்லாம் ஒரே வடிவம். அட்டவணை போட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும். அதே ஆண்டுகளில் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் எழுப்பிய மாளிகையை, இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையை, எடுத்துக்கொள்ளுங்கள். 340 அறைகள். அங்கே ஒருவர் வரைபடத்தின்மேல் குனிந்து, எண்ணிய கதவின்மேல் பென்சிலால் ஒரு கீற்று போட்டு, பக்கத்துத் தாளில் கூட்டிக்கொண்டே போவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. வரைபடம் ஒரு கையெழுத்து, அட்டவணை இன்னொரு கையெழுத்து. ஒரு சுவரை மாற்றி வரைந்தால் அட்டவணைக்கு அது தெரியாது. யாராவது நினைவு வைத்துக்கொண்டு திருத்த வேண்டும்.

கணினி வந்த பிறகும் இந்தப் பிளவு நீங்கவில்லை. பலகைக்குப் பதில் திரை, பென்சிலுக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதான். கணினிக்குக் கதவு என்பது இரண்டு கோடும் ஒரு வில்லும். அட்டவணை என்பது தட்டச்சு செய்த எழுத்து. இரண்டுக்கும் உறவு இல்லை.

இதில் ஆழமான பிழை ஒன்று இருப்பதைத் தெளிவாகச் சொன்னவர்களில் முன்னோடி அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஈஸ்ட்மன். ஒரே கதவு பிளானில் ஒரு முறை, செக்‌ஷனில் ஒரு முறை, எலிவேஷனில் ஒரு முறை என்று பல இடங்களில் வரையப்படுகிறது, ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் தேடித் தேடி மாற்ற வேண்டியிருக்கிறது என்று 1975இல் அவர் எழுதினார். அவர் காட்டிய வழி: வரைபடங்களைச் சேமிக்காதீர்கள், கட்டடத்தையே கணினியில் சேமியுங்கள்; வரைபடம் வேண்டும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பிம் என்று சுருக்கமாக அழைக்கும் கட்டடத் தகவல் மாதிரியின் விதை அது. பிற்பாடு ஹங்கேரியில் பிறந்த ஆர்ச்சிகேட் மென்பொருளும், 2000இல் லியோனிட் ரைஸ், இர்வின் ஜங்ரைஸ் இருவரின் நிறுவனம் வெளியிட்டு 2002இல் ஆட்டோடெஸ்க் வாங்கிய ரெவிட் மென்பொருளும் அந்த விதையிலிருந்து வளர்ந்த மரங்கள். சராய் காலே கானிலிருந்து மீரட்டுக்குப் போகும் 82 கிலோமீட்டர் பாதையை அமைத்த தேசியத் தலைநகர் மண்டலப் போக்குவரத்துக் கழகமும் பிம் முறையில்தான் வடிவமைப்புப் பணியை நடத்தியது.

ஒரே களஞ்சியம், பல சன்னல்கள்

பிம் மாதிரிக்குள் கதவு என்பது ஒரு பதிவு. இத்தனை அகலம், இத்தனை உயரம், இந்தச் சுவரில் நிற்கிறது, இந்தத் தளத்தைச் சேர்ந்தது, இத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்ற விவரங்கள் அதனோடு ஒட்டியிருக்கும். எல்லாக் கதவுகளின் பதிவுகளும் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன.

களஞ்சியத்திடம் “மூன்றாம் தளத்தை மேலிருந்து வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்?” என்று கேட்டால் பதில் படமாக வருகிறது. அதுதான் பிளான். “உன்னிடம் உள்ள கதவுகளை அகலவாரியாகச் சொல்” என்று கேட்டால் பதில் கட்டமாக வருகிறது. அதுதான் அட்டவணை. படமும் கட்டமும் ஒரே வீட்டின் இரண்டு சன்னல்கள். திரையில் படத்தில் ஒரு கதவை அழித்தால் அட்டவணையில் அதன் வரி மறைகிறது. அட்டவணையில் அகலத்தை 900 மில்லிமீட்டரிலிருந்து 1000 ஆக்கினால் படத்தில் கதவு விரிகிறது.

தரவுத்தள அறிவியலில் இந்தக் கருத்துக்கு முன்பே இடமுண்டு. 1970இல் எட்கர் காட் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டின்வழி வந்த மென்பொருள்களில் ‘பார்வை’ என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் தரவு எதுவும் கிடையாது. ஒரு கேள்வி மட்டும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். திறக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி புதிதாகக் கேட்கப்படும், பதில் புதிதாக வரும். பிம் அட்டவணை அந்த வகையைச் சேர்ந்தது.

நம் ஊர்ப் பட்டியல் ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சுற்றிக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, அது பட்டியலிடுகிறது. பட்டியலின் ஒழுங்கு வியப்பூட்டுவது. எந்தத் தளிச்சேரித் தெரு, அதில் தென்சிறகா வடசிறகா (தென்வரிசையா வடவரிசையா), எத்தனையாவது வீடு, அங்கே இருப்பவர் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று இடவாரியாகப் போகிறது. கையில் இந்தப் பட்டியலோடு தெருவில் நடந்தால் வீடுவீடாகச் சரிபார்க்கலாம். மிஸ்திரி தன் தாளில் எதிர்பார்ப்பதும் இதே ஒழுங்கைத்தான்: நிற்கும் இடத்துக்கு ஏற்ற பட்டியல். ஆனால் கல்லில் வெட்டியது வெட்டியதுதான். ஒரு வீட்டில் குடி மாறினால் கல் தன்னைத் திருத்திக்கொள்ளாது. கல்வெட்டு ஒரு பதில். பிம் அட்டவணை ஒரு கேள்வி.

வடிகட்டும் விதிகள்

கேள்வியைக் குறுக்க வடிகட்டி வேண்டும். முதல் வகை வடிகட்டி பண்பைப் பார்க்கிறது. ‘தளம் = பயணச்சீட்டுக் கூடம்’ என்று ஒரு விதி எழுதினால் அந்தத் தளத்துக் கதவுகள் மட்டும் தங்கும். ‘தீ தாங்கும் நேரம் 120 நிமிடம்’ என்று இன்னொரு விதி சேர்த்தால் இரண்டுக்கும் பொருந்துபவை மட்டும் தங்கும்.

சில கேள்விகளுக்கு நல்ல பதில் வெறுங்கட்டம்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன்படி அவசர வெளியேற்றத்துக்கான வாசல் பொதுவாக 1000 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ‘வெளியேறும் வாசல், அகலம் 1000க்குக் குறைவு’ என்று ஒரு வடிகட்டி வைத்து அட்டவணை போட வேண்டும். அது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஒரு வரி தலைகாட்டினாலும் அந்த இரவே உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை அது.

ஆனால் தாளின் கேள்விக்குப் பண்பு வடிகட்டி போதாது. நம் நிலையத்தில் ஒரு தளம் நான்கு தாளாகப் பிரிந்திருக்கிறது. கதவுக்குத் தன் தளம் தெரியும், தன் தாள் தெரியாது. நெடுங்காலம் இதற்குக் கைவைத்தியம்தான் செய்தார்கள். ஒவ்வொரு கதவுக்கும் ‘பகுதி’ என்று ஒரு புதிய கட்டம் திறந்து அதில் அ, ஆ, இ, ஈ என்று கையால் நிரப்பினார்கள். அட்டவணையைப் பன்னிரண்டு நகல் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு விதி எழுதினார்கள். வடிவமைப்பாளர் ஒரு சுவரைப் பத்து மீட்டர் தள்ளும்போது கதவும் கூடவே நகர்ந்து அடுத்த தாளுக்குப் போய்விடும். அதன் ‘பகுதி’ கட்டத்தில் பழைய எழுத்தே இருக்கும். படம் ஓரிடத்தில், வரி இன்னோரிடத்தில். ஈஸ்ட்மன் எச்சரித்த பிழை பின்வாசல் வழியே திரும்பி வந்துவிட்டது: ஒரே உண்மை இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

2020களின் தொடக்கத்தில் ரெவிட் மென்பொருளில் சேர்ந்த ‘தாள்வாரி வடிகட்டி’ இந்த முடிச்சை அவிழ்த்தது. இந்த வசதியை இயக்கிவிட்டால் அட்டவணை கதவின் பண்பைக் கேட்பதோடு நிற்காது. தான் எந்தத் தாளில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும். அந்தத் தாளில் ஒட்டியிருக்கும் படங்களில் எந்தெந்தக் கதவுகள் தெரிகின்றன என்று பார்க்கும். தெரிபவற்றை மட்டும் வரியாக்கும். ஒரே அட்டவணையை 12 தாளிலும் வைக்கலாம், ஒவ்வொரு தாளிலும் அது வேறு வரிகளைக் காட்டும். கதவு எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனால் அதன் வரியும் தாண்டிப் போகும். ‘பகுதி’ என்ற கட்டமே தேவையில்லை. கதவு நிற்கும் இடம்தான் அதன் பகுதி.

தெரிவது என்றால் என்ன?

இங்கேதான் பொருள் ஆழமாகிறது. வடிகட்டி முழுக்க ‘தெரிகிறது’ என்ற ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. ஒரு படத்தில் ஒரு பொருள் தெரியப் பல நிபந்தனைகள் உண்டு. படத்தின் வெட்டுச் சட்டத்துக்குள் அது இருக்க வேண்டும். அந்த வகைப் பொருளை யாரும் அணைத்து வைத்திருக்கக்கூடாது. இடிக்கப்போகும் பழைய பகுதியா, கட்டப்போகும் புதியதா என்ற கட்டப் பிரிவு பொருந்த வேண்டும். இவற்றோடு உயரமும் உண்டு.

பிளான் என்பது கட்டடத்தைத் தரையிலிருந்து ஓர் உயரத்தில் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பது. ரெவிட் மென்பொருள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வெட்டு உயரம் 1200 மில்லிமீட்டர். கதவு தரையிலிருந்தே தொடங்குவதால் வெட்டில் சிக்கிவிடும். சாதாரண ஜன்னலும் சிக்கும். கழிப்பறை வென்டிலேட்டர் சிக்காது. நம் ஊரில் அதைத் தலைக்கு மேலே, 1800 மில்லிமீட்டருக்கும் உயரத்தில் வைப்பார்கள். கையால் வரைந்தவர்கள் அந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் வி-1 என்று எழுதிவிடுவார்கள். மென்பொருளோ வெட்டுக்கு மேலே இருப்பதைப் பெரும்பாலும் வரையாமல் விட்டுவிடும். படத்தில் தெரியாதது தாள்வாரி அட்டவணையிலும் வராது. மாதிரியில் வென்டிலேட்டர் பத்திரமாக இருக்கிறது. தாளைப் பார்க்கும் கொத்தனாருக்கு அது இல்லை. சுவரை மூடிக் கட்டிவிடுவார்.

பண்பு வடிகட்டியில் இந்த ஆபத்து இல்லை. வென்டிலேட்டர் எந்த உயரத்தில் இருந்தாலும் அதன் தளம் அதேதான். ஆக, புதிய வடிகட்டி ஒரு பிழையைத் தீர்த்து வேறொரு பிழைக்கு இடம் கொடுக்கிறது. இதற்கு மருந்து உண்டு. கழிப்பறைப் பகுதிக்கு மட்டும் வெட்டை உயர்த்திக்கொள்ளும் வசதி மென்பொருளில் இருக்கிறது. ஆனால் மருந்து வேண்டும் என்று தெரிவதற்கு முன் நோய் இருப்பது தெரிய வேண்டும். அதற்கு, தொகுதிகளை உறுப்பு உறுப்பாக ஒப்பிடும் கணக் கோட்பாடு உதவும்.

தலையை எண்ணுவதும் பெயரைக் கூப்பிடுவதும்

கணக்குக்காக நிலையத்தில் 240 கதவுகள் என்று வைத்துக்கொள்வோம். 12 தாளிலும் தாள்வாரி அட்டவணை இருக்கிறது. எல்லாவற்றின் கூட்டுத்தொகையையும் எடுக்கிறோம். 247 வருகிறது. எங்கிருந்து வந்தன இந்த ஏழு?

ஒரு தாள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வரைபவர்கள் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிகையாகக் காட்டுவார்கள், படிப்பவருக்குத் தொடர்ச்சி புரியட்டும் என்று. மேட்ச் லைன் என்னும் அந்த எல்லைக்கோட்டை ஒட்டிய பட்டையில் ஒன்பது கதவுகள் நிற்கின்றன என்றால் அவை இரண்டு தாளிலும் தெரியும், இரண்டு முறை எண்ணப்படும். அது ஒன்பது மிகை. மாடிப்படியின் நடுமேடையை ஒட்டி, எந்தத் தளத்தின் வெட்டிலும் சிக்காமல் இரண்டு சின்னக் கதவுகள். அது இரண்டு குறை. 240உடன் 9ஐக் கூட்டி 2ஐக் கழித்தால் 247. வித்தியாசம் ஏழு, உண்மையான பிழைகளோ பதினொன்று.

இன்னொரு நிலைமையை யோசியுங்கள். எல்லைப் பட்டையில் ஆறு கதவுகள், எந்தத் தாளிலும் தெரியாத கதவுகளும் ஆறு. கூட்டுத்தொகை 240. எல்லாம் சரி என்று கையெழுத்திடுவார்கள். ஆறு கதவு இரட்டையாக வந்து இறங்கும், ஆறு வாசல் கதவில்லாமல் நிற்கும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு இதன் தீர்வு தெரியும். சுற்றுலா முடிந்து பேருந்து கிளம்பும்போது தலையை மட்டும் எண்ணினால், நம் பிள்ளை ஒன்று இறங்கி வேறு பள்ளிப் பிள்ளை ஒன்று ஏறியிருந்தாலும் எண்ணிக்கை சரியாக இருக்கும். பெயரைக் கூப்பிட்டால் ஏமாற முடியாது. கதவுகளுக்கும் இரண்டு அடையாளம் உண்டு. டி-1 என்பது இனத்தின் பெயர், முப்பது கதவுகள் அதைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு கதவுக்கும் அதற்கே உரிய எண் வேறு. 12 தாள்களின் அட்டவணைகளிலும் உள்ள தனி எண்களை ஒன்றுசேர்த்து, எந்த வடிகட்டியும் போடாத மொத்த அட்டவணையோடு ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். இரண்டு முறை வரும் எண், ஒரு முறையும் வராத எண் இரண்டும் உடனே வெளிப்படும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. வாங்குவதற்கு மொத்த அட்டவணை, பொருத்துவதற்குத் தாள் அட்டவணை. இரண்டையும் இடம் மாற்றக்கூடாது. தில்லியில் இதற்குப் பணமதிப்பும் உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறை வெளியிடும் ‘டெல்லி ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸ்’ என்ற விலைப்பட்டியலை வைத்துத்தான் அரசுக் கட்டடங்களின் மதிப்பீடுகளைப் போடுகிறார்கள். எண்ணிக்கையை அந்த விலையால் பெருக்குகிறார்கள். எண்ணிக்கை தவறினால் பொதுப்பணம் தவறுகிறது.

தாளுக்கு வெளியே

1997 ஜூன் 13 அன்று தில்லி கிரீன் பார்க்கில் உபஹார் திரையரங்கில் தீப்பிடித்தது. 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் முதலில் இருந்த வலப்பக்க வெளிவழி, பிற்பாடு அமைத்த ஒரு பாக்ஸாலும் கூடுதல் இருக்கைகளாலும் அடைபட்டிருந்தது. கதவுகளைப் பற்றி எழுதும் யாரும் அந்த மாலையைக் கடந்து போக முடியாது. எத்தனை நுட்பமான வடிகட்டியும் மாதிரிக்குள் இருப்பதைத்தான் காட்டும். கட்டி முடித்த பிறகு ஒருவர் வாசலை அடைத்தால், அந்தச் செய்தியை யாராவது மாதிரிக்குள் கொண்டுவந்து சேர்க்கும்வரை அட்டவணை அதைத் திறந்த வாசலாகவே எண்ணிக்கொண்டிருக்கும். எனவே கட்டடம் இருக்கும் காலம் முழுவதும் மாதிரியைக் கட்டடத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான்.

கடைசியாக ஒன்று. அட்டவணை ஒரு கேள்வி என்றோம். அது மென்பொருளுக்குள் இருக்கும்வரைதான். அச்செடுத்து சைட்டுக்கு அனுப்பிய கணமே கேள்வி பதிலாக உறைகிறது, கல்வெட்டைப் போல. அலுவலகத்தில் மறுநாள் ஒரு கதவு நகர்ந்தால் மிஸ்திரியின் கையில் உள்ள தாளுக்கு அது தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு தாளின் பெயர்க்கட்டத்திலும் தேதியும், ஆர்-0, ஆர்-1 என்று திருத்த எண்ணும் இருக்கின்றன. தஞ்சைச் சுவரில் பட்டியலை வெட்டியவர்களும் அரசனின் 29ஆம் ஆண்டு என்று குறித்தே வைத்தார்கள். நல்ல மிஸ்திரி தாளை விரித்ததும் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். பிறகு அட்டவணையைப் பார்ப்பார், பிறகு படத்தை. அதன்பின் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சுவரில் விட்டிருக்கும் திறப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்குவார்.